உசுப்பு

பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன அந்த ஒரு சொல்லை நாக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டு குஞ்சம்மாள் நேரு வீதி மருந்துக்கடை வரைக்கும் நடந்தாள். வழியில் வாயைத் திறந்தால் சொல் தவறிவிடுமோ என்று பயம். எதிர்ப்பட்டவர்கள் விசாரித்ததற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். கடையில் நல்ல கூட்டம். இடித்துக்கொண்டு முன்னால் போய், ஸ்டிமுலேஷன் வேண்டும், வீட்டுக்காரருக்கு, மாத்திரையோ ஊசியோ எதுவானாலும் சரி என்றாள். கடைக்காரர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். சீட்டு எங்கே என்று கேட்டார். சீட்டில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார் என்றாள். அது கடையில் விற்கிற சரக்கு இல்லையம்மா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் மில்லில் தறி ஓட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு மேல் அதே தறிக்கூடம். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில், ஒரு காலை ஷிப்டில், அறுந்த நூலுக்கு முடிபோடக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. கண் திறந்திருக்கும், ஆனால் கூரையைப் பார்த்தபடிதான் இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்த பிறகு, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாயைச் செருகி, கஞ்சித் தண்ணீரும் பாலும் அதில் ஊற்றக் கற்றுக்கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் டாக்டர். இனி இவருக்கு வேண்டியது ஸ்டிமுலேஷன், அதை வீட்டு மனிதர்கள்தான் கொடுக்க முடியும் என்றும் சொன்னார். மருந்தின் பெயர் என்று இவள் நினைத்துக்கொண்டதில் தப்பு என்ன இருக்கிறது?

வெறுங்கையோடு திரும்பி வந்தவளை வார்டு வாசலில் மாசேர் பிடித்துக்கொண்டார். கன்னியர் மடத்து அம்மாக்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவது. இந்த மாசேர் வெகு காலமாக அங்கே நர்ஸ். நடந்ததைக் கேட்டுவிட்டு, குஞ்சம்மாளை பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்.

“வெளக்குல எண்ணெ இருக்குதும்மா. திரிதான் உள்ள இழுத்துக்கிச்சு. தூண்டி வுடணும், அவ்ளோதான். அவரு எதுக்கு எழுந்து ஓடி வருவாரோ, அதக் கண்டுபுடி.”

இன்னொன்றும் சொன்னார். வாய் வழியாக மட்டும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. விழுங்கத் தெரியாத தொண்டை. ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், ஆளை முடித்துவிடும். இதைச் சொல்லும்போது மாசேர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

எடுத்த காரியத்தை நடுவில் விடுகிற வழக்கம் குஞ்சம்மாளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அவள் குடியிருந்த சாரம் பகுதியில் அவளுக்கு உடும்பு என்றே பட்டப்பெயர். இந்த மனுஷனை எழுப்பாமல் நான் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஆனால் எதைக் கொண்டு எழுப்புவது? அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் பொருள் கேட்டாள். அவரவர் பிழைப்புக்குத் தகுந்தபடி ஒரு பொருள் வந்தது.

மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா பலராமன், அதற்கு ஊக்கம் என்று அர்த்தம், உற்பத்தி குறையும்போது மேலிடத்துக் காகிதங்களில் அடிக்கடி வரும் என்றார். பார்க்க வந்ததற்குத் தன் பங்காக, கட்டிலில் குனிந்து, உனக்கு மேஸ்திரி வேலை போட்டாயிற்று எழுந்து வா என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தார். அரிகிருஷ்ணனின் இமைகூட ஆடவில்லை. சங்கத்து வடிவேல் அதெல்லாம் இல்லை, கிளர்ச்சி என்பதுதான் சரியான தமிழ் என்று அடித்துச் சொன்னான். மறுநாள் நாலு தோழர்களைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி நின்று முஷ்டி உயர்த்தி முழக்கம் போட்டான். ‘வேண்டும் வேண்டும்’ என்று அவர்கள் போட்ட சத்தத்தில் தெருவே என்னவோ ஏதோ என்று ஓடி வந்தது. படுத்திருந்தவர் ஒருவருக்குத்தான் ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வீட்டு செல்வாம்பாள், ஆம்பளையை எழுப்ப வாசனையை விட்டால் வேறு என்ன உண்டு என்றாள். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கூடை கொண்டுவருகிற அம்மாவிடம் நல்ல வாளைக் கருவாடு சொல்லிவைத்து வாங்கி, கட்டில் தலைமாட்டிலேயே அடுப்பைக் கொண்டுவந்து வைத்துச் சுட்டார்கள். தெருவில் மூன்று பூனைகள் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வாசலில் நின்று எச்சில் விழுங்கின. கருவாடு என்றால் உயிரை விடுகிற மனுஷன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீராம்பட்டினத்துத் தேர் நாளில், வருஷம் தவறாமல் வடம் பிடித்தவர் ஆயிற்றே என்று, தேருக்கு அடித்த மேளக்காரரையே கெஞ்சிக் கூட்டிவந்து வாசலில் வாசிக்க வைத்தாள். அதுவும் வீண்.

மிச்ச நேரமெல்லாம் அவர் காதோரம் உட்கார்ந்து பேசினாள். பேசச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். ராசா, என் கண்ணு, எழுந்திரியேன் என்று குழைந்து பேசினாள். என்னைக் கேட்டால் அங்கேதான் தப்பு நடந்தது என்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரை ராசா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ‘யோவ்’ தான். அந்த ராசா யாரோ என்று அவர் படுத்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அவர்கள் குடும்பம் நடத்திய விதம் வேறு. குஞ்சம்மாளும் ஒரு காலத்தில் அதே மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் வேலை பார்த்தவள். தறிக்கூடத்துச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்சு முழுக்கக் கைதான். ஒருவனைக் கூப்பிட வேண்டுமானால் கழிவுப் பஞ்சை உருட்டி அவன் மேல் வீச வேண்டும், திரும்பிப் பார்ப்பான், பிறகு கையால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். இப்படிப் பஞ்சு வீசிப் பழகித்தான் அவர்கள் கல்யாணமே நடந்தது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம் இருக்கிற லைன் வீட்டுக்கு வந்தபிறகு, அந்தக் கைப்பேச்சு வேறொன்றுக்குப் பயன்பட்டது. சண்டையெல்லாம் கையாலேயே போட்டார்கள். மணிக்கணக்காக நடக்கும். செல்வாம்பாளுக்குப் பாத்திரம் வைக்கிற சத்தம் தவிர எதுவும் கேட்காது. இத்தனை ஒற்றுமையான தம்பதி உண்டா என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கைப்பேச்சு திட்டுவதற்கென்றே ஆகிவிட்டதால், படுக்கையில் கிடக்கிறவரிடம் அதை எடுக்க வேண்டும் என்று குஞ்சம்மாளுக்குத் தோன்றவே இல்லை. சாகக் கிடக்கிறவரை யார் திட்டுவார்கள்?

ஆவணி பிறந்தது. அரிகிருஷ்ணன் எலும்பும் தோலும் ஆனார். பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவருடைய அண்ணன் கண்ணையன் பெண்டாட்டி அமிர்தவல்லியோடு வந்து சேர்ந்தார். ஏர் ஓட்டிக் காய்ந்த உடம்பு, அதிகம் பேசாத மனிதர். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கத் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் குஞ்சம்மாளைக் கூப்பிட்டார். அவள் டாக்டர் சொன்னதையும், தான் செய்து பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இது எனக்குத் தெரியாததாம்மா? சேத்துல படுத்துட்ட மாட்ட நாங்களும் உசுப்புவோம். வால முறுக்குவோம், கடிச்சுக்கூடப் பாப்போம். எழுந்துக்கற மாடு எழுந்துக்கும். எழுந்துக்காததப் போட்டு அதுக்கு மேல உசுப்பக் கூடாதும்மா. அது பாவம்.”

 அவர் வஞ்சகமாகப் பேசியிருந்தால் குஞ்சம்மாள் சண்டை பிடித்திருப்பாள். அவர் கண் கலங்கியிருந்தது. தம்பியின் உயிர் ஏதோ ஒரு ஆசையில் மாட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறது, அதை அவிழ்த்துவிட வேண்டியது கூடப் பிறந்தவனின் கடமை என்று அவர் மனசார நம்பினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்துக் காட்டினார். அப்பன் விட்டுப்போன நிலத்தின் மண். மில்லுக்கு வந்தாலும் அவன் மனசு அந்த மேட்டுக்கொல்லையில்தான் இருந்தது, இதைப் பாலில் கரைத்து வாயில் ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடுவான் என்றார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு மடக்குப் பால் ஊற்றி வழியனுப்பிவிடலாம் என்று ஏற்கனவே சொல்லி அனுப்பியும் இருந்தார்.

“மாமா, வாயில ஊத்துனா அது சாவுக்கு வழி வுடறது இல்ல. நாமளே கழுத்தப் புடிக்கறது. நான் வுடமாட்டேன்.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை இல்லாத பெண், தனியாகிவிடுவோம் என்ற பயத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். குஞ்சம்மாள் தன் வேலையைப் பார்த்தாள். குழாயில் ஊற்றுகிற வேளை தவறவில்லை. புண் வராமல் புரட்டிப் போடுகிற வேளையும் தவறவில்லை. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த அம்மி நகரத் தொடங்குகிற கடைசி அடியில் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அவள் கவலை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மாட்டு வண்டி, ஒரு டவுன் பஸ் நிறைய சனம் வந்து இறங்கியது. அந்த ஒற்றை அறையில் நிற்க இடமில்லை. குஞ்சம்மாள் முதலில் கட்டிலை மறித்துக்கொண்டுதான் நின்றாள். கையில் அவர் வாயோரம் துடைக்கிற ஈரத் துணி. அமிர்தவல்லி வந்து, வாடியம்மா என்று கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். பிறகு நாலைந்து பேர். அழுகிறவர்களை எப்படித் தள்ளுவது? இவள் வேண்டாம் வேண்டாம் என்று முண்ட, அவர்கள் துக்கத்தில் முண்டுகிறாள் என்று இன்னும் இறுக்கிப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்டிலின் கால்மாட்டையும் தாண்டி வாசல் நிலைவரைக்கும் வந்துவிட்டாள். தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. பாசம் தள்ளிக்கொண்டு வந்தது.

அதற்குள் ஒரு கிழவி ஒப்பாரியை எடுத்துவிட்டாள். ஒருத்தி எடுத்தால் போதாதா? அறை முழுக்க மாரடித்து அழுகிற சத்தம். கண்ணையன் மண் கரைத்த பாலை வெண்கலத் தம்ளரில் எடுத்துக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். சங்கை எடுத்துப் பாலை மொண்டார். இடது கையால் தம்பியின் தாடையைத் தொட்டார். வாய் எப்போதும் போல லேசாகத் திறந்தே இருந்தது.

“வேணாம் மாமா” என்று குஞ்சம்மாள் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சுற்றிலும் அத்தனை இரைச்சல், எட்ட முடியாத தூரத்தில் அந்த முகம், நடுவில் ஆட்கள். இப்படி நின்று பழக்கப்பட்ட இடம் ஒன்று அவள் உடம்புக்குத் தெரியும். யோசித்துச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். கையிலிருந்த ஈரத் துணியை உருட்டினாள். பெண்களின் தலைக்கு மேலே கையை உயர்த்தி, குறி பார்த்து வீசினாள்.

துணி அரிகிருஷ்ணனின் நெஞ்சில் விழுந்தது. அவருடைய கண் கூரையிலிருந்து இறங்கியது. துணியைப் பார்த்தது. பிறகு, துணி வந்த திசையைப் பார்த்தது.

  குஞ்சம்மாள் உடனே இரண்டு கையையும் உயர்த்தினாள். ராசா, கண்ணு எல்லாம் எங்கே போயிற்றோ, பழைய கோபம் முழுசும் கைக்கு வந்தது. யோவ், இங்க பாரு. அண்ணங்காரன் பால எடுத்துக்கினு வந்திருக்கான். குடிச்சியானா செத்த. வாய மூடுய்யா. மூடித் தொல. விரலால் சொன்னாள், முஷ்டியால் சொன்னாள், தறியை நிறுத்தச் சொல்கிறபோது இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டிச் சொன்னாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்டத் திட்டினாள். பிடித்திருந்தவர்கள் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பயந்து கையை விட்டார்கள்.

கண்ணையன் சங்கைச் சரித்தார். பால் உதட்டில் பட்டுக் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. வாய் மூடியிருந்தது. அவர் தாடையை மெல்ல இறக்கிப் பார்த்தார். இறங்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பல்லோடு பல் கடித்து, தாடை எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. போகிறதடா உயிர் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கண்ணையன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ மாட்டுக்கு வாயைப் பிளந்து மருந்து ஊற்றியவர் அவர். போகிற வாய் எது, வேண்டாம் என்கிற வாய் எது என்று அந்தக் கைக்குத் தெரியும்.

“எல்லாரும் நிறுத்துங்க. இவன் வேணான்றான்.”

ஒப்பாரி பிசிறிப் பிசிறி நின்றது. கண்ணையன் தம்ளரைக் கீழே வைத்தார்.  நேற்றே ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். குஞ்சம்மாள் அவரைத் தாண்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். இவ்வளவு நாளும் உட்கார்ந்திருந்த காதோரத்தில் உட்காரவில்லை. தறி இரைச்சல் அந்தக் காதைப் பாதி தின்று எத்தனை வருஷம் ஆயிற்று, அங்கே போய்க் குழைந்துகொண்டிருந்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். எதிரே, கால்மாட்டில், அவர் கண்ணுக்கு நேராக நின்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கூரையைப் பார்க்கிற பார்வை இல்லை, ஆளைப் பார்க்கிற பார்வை. ரொம்பக் களைத்திருந்தது. போர்வைக்குள் அவருடைய இடது கை அசைந்தது. மெதுவாக, வெகு மெதுவாக வெளியே வந்தது. உள்ளங்கையை விரித்து வயிற்றின் மேல் வைத்து ஒரு முறை துடைத்தார். கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு முறை துடைத்தார். அறையில் இருந்தவர்களுக்கு வயிற்று வலி என்று பட்டது.

தறிக்கூடத்தில் ஷிப்டு முடிகிற நேரத்தில் எல்லோரும் எண்ணெய்க் கையைச் சட்டையில் அப்படித்தான் துடைப்பார்கள். வேலை ஆயிற்றா, கிளம்பலாமா என்று அடுத்த தறிக்காரனைக் கேட்பதும் அப்படித்தான்.

குஞ்சம்மாள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலை நீட்டி, காற்றில் வட்டம் போட்டாள். ஒரு வட்டம் முடிந்ததும் இன்னொன்று. அவர் கண் அந்த விரலை விட்டு நகராமல் சுற்றியது. கை வலித்தும் அவள் நிறுத்தவில்லை.

கண்ணையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தம்பி என்ன சொல்கிறான் என்று அவளைக் கேட்டார்.

குஞ்சம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே, விரலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“போலாமான்னு கேக்கறாரு. தறி ஓடுதுன்னு சொல்லிக்கினு இருக்கறேன்.”